அந்த அறிவுரை எந்தத் துப்பாக்கிக்குச் சொன்னது?

பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஆறேழு கேள்விகள். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு துருக்கிக்காரர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு சுட்டு வெள்ளி வாங்கியதைப் பார்த்து உங்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. வயது 34, இனிமேல் தொடங்கலாமா? மூச்சை அடக்கச் சொல்கிறார் ஒருவர், அடக்காதே என்கிறார் இன்னொருவர். ஒரு கண்ணை மூடச் சொல்கிறது ஒரு வீடியோ, இரண்டையும் திறந்து வை என்கிறது அடுத்தது. ராணுவத்தில் இருந்த மாமா பிஸ்டலை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார். அலுவலக நண்பரோ குண்டு போடாமல் டிரிகரை அழுத்தி வீட்டிலேயே பழகு, ஒன்றும் ஆகாது என்கிறார். எது சரி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது இதற்கெல்லாம் அடியில் இருக்கும் வேறொரு கேள்வி என்று தோன்றுகிறது: எல்லாரும் விஷயம் தெரிந்தவர்கள்தான், அப்புறம் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?

சொல்கிற ஒவ்வொருவரும் தன் கையில் இருந்த துப்பாக்கியை மனதில் வைத்துச் சொல்கிறார், அதனால்தான். மாமா சொன்னது உதைக்கிற துப்பாக்கிக்கு. நண்பர் சொன்னது போட்டித் தரத் துப்பாக்கிக்கு. இரண்டும் அதனதன் இடத்தில் சரி, இடம் மாறினால் தப்பு. நான் பதினாறு வருடமாக ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி, சுடுகிறேன், மாநில அளவில் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தேசிய அளவில் பதக்கம் வாங்கியவன் இல்லை. ரைஃபிளில் அடிப்படை மட்டும் சொல்லித் தருவேன். பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன் பக்கம் போனதே இல்லை, அதனால் அதைப் பற்றி இங்கே வாய் திறக்க மாட்டேன்.

முதலில் அந்தத் துருக்கிக்காரர். யூசுஃப் டிகேச் எந்த உபகரணமும் இல்லாமல் வந்து சுட்டார் என்று பரவிய கதை பாதிதான் உண்மை. ரைஃபிள் சுடுகிறவர்கள் போடும் விறைப்பான கோட்டும் கால்சட்டையும் பிஸ்டலில் யாருக்குமே கிடையாது. சுடாத கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகிக்கொள்வதும் ஸ்டைல் அல்ல. தொங்கும் கை ஆடினால் தோள் ஆடும், அதனால் ஏறக்குறைய எல்லா பிஸ்டல்காரர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவரிடம் இல்லாதவை கண்ணுக்கு முன்னால் மாட்டும் தனி லென்ஸும் மறைப்பும் மட்டும்தான். கையில் இருந்தது முழுப் போட்டித் தரப் பிஸ்டல். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக், அப்போது வயது 51. ஆக, உபகரணம் வேண்டாம் என்று அந்தப் படம் சொல்லவில்லை. வயதைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வேண்டுமானால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். 34 இந்த விளையாட்டில் ஒரு வயதே இல்லை. (அவர் வெள்ளி வாங்கிய அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையரில்தான் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கினார்கள்.)

இனி, சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றிலும் மோசமான அறிவுரை, “ஏர்கன்தானே, என்ன ஆகிவிடப் போகிறது” என்பது. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒரு கண்ணை நிரந்தரமாக எடுத்துவிடப் போதும். சுவரிலோ கருங்கல்லிலோ பட்டால் திரும்பி வரும், இரும்புக் குண்டாக இருந்தால் இன்னும் வேகமாகத் திரும்பும். வீட்டு மொட்டைமாடியில் பாட்டிலை வைத்துச் சுடுவது பயிற்சி ஆகாது. துப்பாக்கி காலியாக இருப்பது உங்களுக்கே தெரிந்தாலும் குண்டு இருப்பதாக நினைத்தே கையாளுங்கள். குழாயின் வாய் எப்போதும் டார்கெட் பக்கம். குறி பார்க்கத் தொடங்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. சுடாத நேரத்தில் குழாயின் வழியாக ஒரு வண்ணக் கயிற்றைச் செருகி வைப்போம், காலி என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக. இதைச் செய்யச் சொல்லாமல் உங்கள் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிற ஆளிடம் வேறு எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள். அவர் எவ்வளவு நன்றாகச் சுடுகிறவராக இருந்தாலும் சரி.

சட்டத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் எது தாண்டினாலும் தேவை. போட்டிக்கான 10 மீட்டர் துப்பாக்கிகள் இந்த வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும். உரிமம் வேண்டாம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை. காட்டுப் பறவைகளைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். “கொக்கு சுட்டுப் பழகு, கை தானாக நிற்கும்” என்று கிராமத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது நண்பர் சொன்ன டிரை ஃபயர், அதாவது குண்டு இல்லாமல் டிரிகர் அழுத்திப் பழகுவது. போட்டித் தர ஏர் பிஸ்டலிலும் ஏர் ரைஃபிளிலும் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் காற்று வெளியேறாது, டிரிகர் மட்டும் உண்மையானது போலவே வேலை செய்யும். அதில் நாள் முழுக்கப் பழகலாம், உலகத்தில் எல்லாரும் பழகுகிறார்கள். ஆனால் உங்களிடம் இருப்பது ஆன்லைனில் வாங்கிய, குழாயை மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் என்கிறீர்கள். அதில் உள்ளே ஒரு பிஸ்டன் பாய்ந்து வந்து காற்றை அழுத்துகிறது. முன்னால் குண்டு இருந்தால் அந்தக் காற்று ஒரு கணம் தேங்கி பிஸ்டனுக்கு மெத்தை போல நிற்கும். குண்டு இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் முட்டும். நாலு முறை செய்தால் ஒன்றும் தெரியாது. பழக்கமாகச் செய்தால் சீல் போகும், ஸ்பிரிங் போகும். நண்பர் பொய் சொல்லவில்லை, உங்கள் துப்பாக்கி எது என்று கேட்காமல் சொல்லிவிட்டார்.

மாமாவின் இறுக்கிப் பிடிப்பும் இதே கதைதான். 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சுட்டவுடன் எகிறும், அடுத்த குண்டுக்கு அதைத் திரும்பக் கீழே கொண்டுவர வேண்டும், அதனால் இரண்டு கையாலும் இறுக்குகிறார்கள். ஏர் பிஸ்டல் எகிறுவதே இல்லை என்று சொல்லலாம். அதை ஒற்றைக் கையில் நசுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை நடுங்கும், அந்த நடுக்கம் அப்படியே குழாய் நுனிக்குப் போகும். பெரியவர் ஒருவருக்குக் கை கொடுக்கும்போது எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு போதும். அளவைவிட முக்கியம், முதல் குண்டுக்கும் அறுபதாவது குண்டுக்கும் அது ஒரே மாதிரி இருப்பது. உங்கள் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கோ இன்னொரு பதில். ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் குலுங்கும், அதைத் தடுக்கப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தடுப்பீர்கள். விரித்த உள்ளங்கையில் தளர்வாகப் படுக்கவைத்து, குலுங்கட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

மூச்சுக்கு வருகிறேன். நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு சுடு என்பது சினிமாவில் பார்த்தது. அப்படி அடக்கினால் நாடித்துடிப்பு கையில் தெரிய ஆரம்பிக்கும், கழுத்தும் தோளும் இறுகும். சாதாரணமாக மூச்சு விடும்போது வெளியே விட்டதற்கும் அடுத்ததை இழுப்பதற்கும் நடுவில் இயல்பாகவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டால் போதும். ஏழெட்டு வினாடிக்குள் டிரிகர் விழ வேண்டும். பத்தைத் தாண்டினால் கையும் கண்ணும் இரண்டுமே ஏமாற்றும், முன்பு பார்த்த பிம்பத்தையே கண் இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுடாமல் கையைக் கீழே இறக்குங்கள். புதியவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். தூக்கியாயிற்று, சுட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டியிலேயே 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம். அவசரமே கிடையாது.

கண் விஷயத்தில், ஒரு கண்ணை இறுக்கி மூடினால் அந்தப் பக்க முகமே சுருங்கும், திறந்திருக்கும் கண்ணும் களைக்கும். அதற்காக இரண்டையும் திறந்தால் பலருக்கு இரண்டு பிம்பம் தெரிந்து குழப்பும். நடுவழி, சுடாத கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் மட்டும் ஊடுருவும் வெள்ளை மறைப்பு. மூக்குக்கண்ணாடியில் ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கை ஒட்டினாலே போதும். கண் திறந்தே இருக்கும், குறுக்கே எதுவும் தெரியாது. டிகேச் இரண்டு கண்ணையும் திறந்து சுட்டார் என்றால் அது அவருக்குப் பழகிய வழி.

எங்கே பார்ப்பது என்று நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட ஸ்கோரை மாற்றுவது இதுதான். “டார்கெட்டை நன்றாக உற்றுப் பார்” என்று யாராவது சொன்னால், பிஸ்டலைப் பொறுத்தவரை அது தப்பு. கண்ணின் கூர்மை முழுவதும் குழாய் நுனியில் குறி பார்க்க இருக்கும் ஃப்ரன்ட் சைட்டில் இருக்க வேண்டும், டார்கெட் மங்கலாக இருக்கட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர் பிஸ்டலில் முன்னும் பின்னும் உள்ள சைட்டுகளுக்கு நடுவே சுமார் 34 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண் பக்கம் இருக்கும் ரியர் சைட்டின் பள்ளத்தில் ஃப்ரன்ட் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தால், 10 மீட்டர் தள்ளி அது 29 மில்லிமீட்டர் ஆகிவிடும். நடுவில், 10 புள்ளி வட்டத்தில், பட்டிருக்க வேண்டிய குண்டு 7 புள்ளி வட்டத்தில் போய் விழும். அதற்குப் பதில் இரண்டு சைட்டும் சரியாக ஒன்றியிருந்து, கை மட்டும் மொத்தமாக 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் நகரும், 10 வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர், அதனால் அப்போதும் 10 தான். கை ஆடுகிறதே என்று கவலைப்படும் யாருக்கும் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். எல்லாருடைய கையும் ஆடும். ஆடுகிற கையை நிறுத்தப் பார்த்து, நடுவில் வந்த நொடியில் டிரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் குண்டைக் கெடுக்கிறது.

சைட்டைத் திருகுவது பற்றி ஒன்று. (சைட்டை நகர்த்தும் திருகின் ஒரு படியைத்தான் கிளிக் என்கிறோம்.) போன வருடம் எங்கள் கிளப்புக்கு ஒரு வங்கி ஊழியர் வந்தார். துணைக்கு நண்பர், அவரும் ஆறே மாதப் பழக்கம். முதல் குண்டு இடது பக்கம் 8. “ரெண்டு கிளிக் வலது போடு” என்றார் நண்பர். அடுத்தது வலது பக்கம் 6. “நாலு கிளிக் இடது.” அடுத்தது மேலே. இப்படியே இருபது நிமிடம். அந்த மனிதர் முகமெல்லாம் வியர்த்து, துப்பாக்கியே கோளாறு என்ற முடிவுக்கு வந்துவிட்டார். நான் புதுத் தாள் ஒன்றை மாட்டி, கிளிக் எதையும் தொடாமல், எங்கே பட்டது என்று பார்க்காமல் பத்து குண்டு சுடச் சொன்னேன். தாளை இழுத்துப் பார்த்தால் பத்தும் ஒரு இட்லி அளவுக்குப் பரவியிருந்தன, அந்த இட்லியின் நடு கொஞ்சம் கீழே இடதாக இருந்தது. புதியவருக்கு அது நல்ல குரூப், அதாவது குண்டுகள் விழுந்த கூட்டம். ஒவ்வொரு குண்டும் இட்லிக்குள் எங்கே வேண்டுமானாலும் விழும், ஒற்றைக் குண்டை வைத்துச் சைட்டைத் திருகினால் உங்கள் நடுக்கத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவீர்கள். குறைந்தது ஐந்து குண்டு சுடுங்கள், நடு எங்கே என்று பாருங்கள், பிறகு கிளிக். நண்பர் அன்றைக்குக் கடைசிவரை என்னிடம் பேசவில்லை.

பல ரேஞ்சுகளின் சுவரில் ஒட்டியிருக்கும் வட்டப்படமும் இந்த வகைதான். குண்டு கீழே இடது பக்கம் போனால் டிரிகரைப் பிடுங்குகிறாய், வலது பக்கம் போனால் கட்டைவிரல் அழுத்துகிறது என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருக்கும். அது வலது கையால், ஒற்றைக் கையில் பிஸ்டல் சுடுகிறவருக்காகப் போட்டது. இடது கைக்காரர் ஒருவர் அதைப் பார்த்து இரண்டு மாதம் நேர்மாறாகத் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ரைஃபிளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. வலது கைக்காரருக்கும், குரூப் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கினால் காரணம் விரலாக இல்லாமல் சைட்டாக இருக்கலாம், நிற்கும் கோணமாகவும் இருக்கலாம்.

நிற்கும் கோணத்துக்கு ஒரு சோதனை உண்டு. கையைத் தூக்கிக் குறி வைத்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். டார்கெட்டை விட்டு இடதோ வலதோ போயிருந்தால் கையைத் தள்ளிச் சரி செய்யாதீர்கள், பாதங்களை நகர்த்துங்கள். ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் வலது கைக்கும் இடது கைக்கும் மாறாமல் நிற்கிற அறிவுரை என்று நான் அறிந்த மிகச் சிலவற்றில் இது ஒன்று.

இனி, அடித்துச் சொல்ல முடியாதவை. டிரிகர் விழுவது உங்களுக்கே திடுக்கென்று இருக்க வேண்டும் என்பார்கள். தொடங்கும் முதல் வருடத்துக்கு அது நல்ல வழி என்றே நினைக்கிறேன், வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை அது முறிக்கிறது. ஆனால் மேல்மட்டத்தில் சுடுகிறவர்கள் எல்லாரும் அப்படிச் சுடுவதில்லை, சில நொடிகளில் ஐந்து குண்டு போட வேண்டிய 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் அது நடக்கவும் நடக்காது. வலது கைப் பழக்கமும் இடது கண் ஆதிக்கமும் (குறி பார்க்க இடது கண்ணே முந்துவது) உள்ளவர் தோளை மாற்ற வேண்டுமா என்பதிலும் கோச்சுகள் இரண்டு பக்கம். பிஸ்டலில் தலையைச் சற்றுத் திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரைஃபிளில் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் பதிகிறதால் அது முடியாது, அங்கே ஆரம்பத்திலேயே இடது தோளுக்கு மாறிப் பார்ப்பதுதான் நல்லது என்பது என் கருத்து, கருத்து மட்டுமே. 4.49, 4.50, 4.51 என்று பெல்லட்டின், அதாவது ஏர்கன் ஈயக் குண்டின், தலை அளவு பார்த்து வாங்குவது பெரிய ஆட்களுக்கு வித்தியாசம் தரலாம். இட்லி அளவு குரூப்பில் அது தெரியாது. செங்கல்லைக் கையில் தூக்கி ஐந்து நிமிடம் நில் என்ற பழைய பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு குண்டுக்கு நாம் பிடிப்பது பத்து வினாடி. பத்து பதினைந்து வினாடி தூக்கி அரை நிமிடம் இறக்கி, அதைத் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குப் பலன் தந்தது. தோளோ முதுகோ வலித்தால் நிறுத்துங்கள், அதற்கு மேல் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். ரைஃபிளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அதை நின்று சுடும்போது முதுகு பின்னால் வளைந்து திருகிய நிலையில் மணிக்கணக்கில் இருக்கும்.

வாங்குவதைப் பற்றி: ஆறு மாதம் வேறு எதையும் வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியில் சுடுங்கள். போட்டித் தரத் துப்பாக்கிக்கு லட்சக்கணக்கில் ஆகும், பிஸ்டலா ரைஃபிளா என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. பிடியின் அளவு உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும், அது தெரியவே சில மாதம் பிடிக்கும். பிறகு பழையது வாங்கப் போனால் எல்லாரும் குழாயைத்தான் எட்டிப் பார்ப்பார்கள், நீங்கள் சிலிண்டரைப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கும் சாமான் அது, தயாரித்த தேதி அதிலேயே பொறித்திருக்கும். தயாரிப்பாளர் சொன்ன காலம் கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதித்தாலும் முகத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொள்ள நான் தயாரில்லை. ஒருமுறை விலை மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு பிஸ்டலை வாங்கி வந்து, வீட்டில் வெளிச்சத்தில் தேதியைப் பார்த்துவிட்டு, புது சிலிண்டருக்குத் தனியாகப் பணம் கட்டியவன் நான்.

முதல் நாள் கிளப்புக்குப் போகும்போது தட்டையான அடி உள்ள, கணுக்காலை மூடாத ஷூ போட்டுக்கொள்ளுங்கள், காலியாக இல்லாத, கனமாகவும் இல்லாத வயிற்றோடு போங்கள். லேனில், அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய சுடும் இடத்தில், நின்றதும் உங்கள் எண்ணும் எதிரே டார்கெட்டின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேட் எம்மன்ஸ் 50 மீட்டர் ரைஃபிளில் தங்கம் கையில் இருக்கும்போது கடைசிக் குண்டைப் பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டு எட்டாவது இடத்துக்குப் போனார். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற பழக்கம் சிலரிடம் உண்டு, அது ஈயம், செய்யாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு டீ குடிக்கப் போங்கள். யாராவது முதல் நாளே டார்கெட் தாள் மாட்டாமல் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் காலித் துப்பாக்கியை அழுத்தச் சொன்னால் கோபப்படாதீர்கள். எதிரே டார்கெட் இல்லாதபோதுதான் டிரிகர் விழும் நொடியில் ஃப்ரன்ட் சைட் துள்ளுகிறதா என்பது தெரியும். அந்தக் கோச்சையே பிடித்துக்கொள்ளுங்கள்.